சாப்பிட்டாயா என்று கேட்ட மூன்று பேர்

எங்கள் வீட்டில் பசி தெலுங்கில்தான் இருந்தது. தமிழில் நாங்கள் எப்போதும் சாப்பிட்டு முடித்தவர்கள்.

இளம்பிள்ளைக்குப் பக்கத்தில், கஞ்சமலையைப் பார்த்தபடி இருந்தது எங்கள் தெரு. எல்லாம் நெசவு வீடு. எல்லாம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற வீடு. எந்தக் காலத்தில் எதற்காக இங்கே வந்தோம் என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வந்தவர்கள் தறியையும் பாஷையையும் கொண்டுவந்தார்கள். தறி சோறு போட்டது. பாஷை வீட்டுக்குள்ளேயே கிடந்தது. தெருமுனைக் கிணற்றைத் தாண்டினால் தமிழ் தொடங்கிவிடும்.

அந்தத் தமிழ் எங்களுக்கு வியாபாரத்துக்கான பாஷை. நூல் கொடுத்துச் சேலையாக வாங்கிப்போகிறவர் தமிழ்க்காரர். நாங்கள் அவரை நூல்காரர் என்போம். குதிரை வண்டியில் வந்து இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என்னப்பா, சாப்பாடெல்லாம் ஆச்சா?" என்பார். அவர் கேட்டது அன்பால் அல்ல, வேவு பார்க்க. ஆகவில்லை என்று தெரிந்தால் தறியில் ஏற்றும் அடுத்த பாவு நூலுக்குக் கூலியைக் குறைத்துச் சொல்லுவார். பசித்தவன் மறுக்கமாட்டான் என்பது அவருடைய தொழில் அறிவு. ஆகையால் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுத்தார்கள்: தமிழில் யார் கேட்டாலும் சாப்பிட்டாயிற்று, தறி ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். "ஆமாங்க", "ஆச்சுங்க", "கொறையில்லீங்க" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியிருந்தாள். எங்களோடு இருந்த அத்தை, நாயினாவின் அக்கா, புருஷனை இழந்து வந்தவள், வாய் அதிகம். (அப்பாவை நாங்கள் நாயினா என்போம்.) "நம்ம வீட்டுப் பூனைகூட தமிழாளைப் பாத்தா ஏப்பம் விடும்" என்பாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அது எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியாது. நூல் வரவில்லை என்பது மட்டும் தெரியும். நூல்காரர் வண்டி முதலில் வாரம் தவறியது, பிறகு மாதம் தவறியது, பிறகு இரண்டு மாதமாக வரவே இல்லை. நாயினா சேலத்துக்கு நடந்துபோய்க் கடைகடையாகக் கேட்டுவிட்டு நடந்தே திரும்பி வந்தார். நெய்கிறவர் இறங்கி உட்காரும் தறிக்குழியில் சிலந்தி வலை கட்டியது. ராகிக் கூழில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. கூழும் நின்ற நாட்களில் ஏரிக்கரைக் கீரையும், வறுத்துத் தோல் நீக்கி வேகவைத்த புளியங்கொட்டையும் சாப்பிட்டோம். புளியங்கொட்டை வயிற்றைப் பிடிக்கும். ஆனால் பசியை மந்தமாக்கும். இதைப் பெரிய துன்பமாகச் சொல்ல வரவில்லை. தெருவே அப்படித்தான் இருந்தது. ஒரே மாதிரி இருந்தால் பிள்ளைகளுக்கு அது கஷ்டமாகத் தெரியாது.

தம்பிக்கு இரண்டு வயது. அவன்தான் தாங்கவில்லை. நடந்துகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டான். தலைமயிர் செம்பட்டையானது. அழுகையும் குறைந்துவிட்டது. பிள்ளை சமர்த்தாகிவிட்டான் என்று நான் நினைத்தேன். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது என் வேலை. எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேச ஆள் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சர்க்கார் கணக்கெடுப்புக்கு முதலில் வந்தவர் சங்ககிரிப் பக்கத்து இளைஞர். கக்கத்தில் குடை, கையில் அச்சடித்த காகிதக் கட்டு. ஊர்த் தலையாரி கூடவே வந்தான். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த உரல்மேல் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் பட்டினி என்று பொய் சொல்லுவார்கள், ஆகையால் சொல்லக் கூடாது என்று அவருக்கு மேலே உத்தரவாம். இது பிற்பாடு தெரிந்தது.

"ஏனுங்க, ஊட்ல எத்தன பேருங்க?"

"அஞ்சு பேருங்க" என்றார் நாயினா.

"தறி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"நேரா நேரத்துக்குச் சாப்பாடு உண்டுங்களா?"

"உண்டுங்க. ஒண்ணும் கொறையில்லீங்க."

"கொழந்தைக்குப் பாலு கீலு?"

நாயினா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "உண்டுங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று வேறு சொல்லிவிட்டார். உள்ளே அம்மா மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றது எனக்குக் கதவிடுக்கில் தெரிந்தது. மோர் என்ற பொருளை அந்த வீடு பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நல்லவேளை, அவர் வேண்டாமுங்க என்று எழுந்துவிட்டார்.

போகும்போது தலையாரியிடம், "பஞ்சம் பஞ்சம்னாங்க. இது மவராசன் தெருவால்ல இருக்குது" என்றார். தலையாரி தலையை ஆட்டிவைத்தான். அவனுக்கு எங்கள் அடுப்புகள் தெரியும். ஆனால் அதிகாரத்தில் இருக்கிறவர் கேட்காததைச் சொல்லுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

அத்தை உள்ளிருந்து வந்து, தெலுங்கில், "மோர் குடுக்கிறேன்னியே, எந்த எருமையைக் கறந்து?" என்று நாயினாவைக் கேட்டாள். நாயினா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

அந்த இளைஞர் தெருவில் பாதி முடித்த நிலையில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாராம். பத்து நாள் கழித்து வேறொருவர் வந்தார். நரைத்தவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறவர். கோதாவரிப் பக்கத்துக்காரர். சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலைபார்க்கும் மருமகன் வீட்டில் தங்கியிருந்தார். முதல் ஆள் எங்கே விட்டார் என்று தேடாமல், தெருவின் முதல் வீட்டிலிருந்தே மறுபடி தொடங்கினார். தொடங்குமுன் கிணற்றடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட்டதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் அவருடைய பாஷையில் யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வாசலுக்கு வந்து தெலுங்கில் பேசினார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "நாடகத்துல ராஜா பேசற மாதிரி பேசறான்டி" என்று அம்மாவின் காதில் சொன்னாள். அவருக்கும் எங்கள் தெலுங்கு வேடிக்கையாக இருந்தது. பாதி புரியாமல், "என்ன சொன்னீங்க அம்மா?" என்று மறுபடி கேட்டுச் சிரித்தார். அம்மா சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு அதே காகிதத்தை எடுத்தார். அதே கேள்விகள்தான். தமிழில் அச்சடித்திருந்ததை மனசுக்குள் திருப்பித் தெலுங்கில் கேட்டார். எத்தனை பேர், தறி ஓடுகிறதா, நேரத்துக்குச் சாப்பாடு உண்டா.

நாயினா வழக்கப்படி வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. அந்தப் பதிலை அவர் தமிழில்தான் பழகியிருந்தார். தெலுங்கில் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்ல அவருக்கு அதுவரை அவசியம் வந்ததில்லை. தெலுங்கில் கேட்கிறவர்களெல்லாம் அவருடைய அடுப்பை நேரில் பார்க்கிறவர்களாகவே இருந்தார்கள்.

அவர் திணறிக்கொண்டிருந்தபோதே அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வேற்றாள் முன்னால் அவள் அப்படி வந்ததில்லை. என் இடுப்பிலிருந்து தம்பியைப் பிடுங்கி அவர் முன்னால் நிறுத்தினாள். அவன் நிற்கவில்லை, மடங்கினான். அவன் காலைத் தூக்கி, புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது.

"பாருங்க. எழும்புதா பாருங்க" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குழி மெதுவாக மேலே வந்தது.

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. இரண்டு மாதமாகத் தறி சும்மா கிடப்பதைச் சொன்னாள். புளியங்கொட்டையைச் சொன்னாள். பித்தளைக் குடத்தை விற்றதைச் சொன்னாள். கீரை பறிக்கப் போகிற இடத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குள் நடக்கிற அடிதடியைச் சொன்னாள். நாயினா இரண்டு முறை இருமிப் பார்த்தார். மூன்றாவது முறை இருமாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் விட்டதை அவரே சொன்னார். தனக்கு வைத்த கூழை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தறிக்குழிக்குள் போய் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும் போலிருந்தது.

அந்தப் பெரியவர் எழுதி முடித்துக் காகிதத்தை மடித்தார். "சொல்லக் கூடாதென்று உத்தரவு. இருந்தாலும் சொல்லுகிறேன். சர்க்கார் கஞ்சித் தொட்டி வைக்கப்போகிறது. பசி இருக்கிற தெருவுக்குத்தான் வரும். தினம் ஒரு வேளை கஞ்சி, சின்னப் பிள்ளைகளுக்குப் பால். உங்கள் தெருவை எழுதிவிட்டேன்" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படியே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின் வந்த சில நாட்கள் எங்கள் தெருவில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தொட்டியை எந்த மரத்தடியில் வைப்பது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். அத்தை எங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். "ஆளுக்கு ஒரு கரண்டின்னா கூட, பாத்திரம் பெருசா இருந்தா வெக்கப்பட்டு ரெண்டு கரண்டி ஊத்துவான்" என்றாள். அம்மா தம்பியிடம் பால் வரப்போகிறது, பால் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். நாளாக ஆக அவனுடைய முகம்கூட உப்பி, கன்னம் பளபளவென்று வந்தது. எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது.

தாலுகா கச்சேரியில் என்ன நடந்தது என்பதைத் தலையாரி வெகுநாள் கழித்துச் சொன்னான். ஒரே வீட்டுக்கு இரண்டு காகிதம் அங்கே சேர்ந்துவிட்டது. ஒன்றில் தறி ஓடுகிறது, பிள்ளை பால் குடிக்கிறது. மற்றதில் தறி இல்லை, பிள்ளை சாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பத்தே நாள். இதில் ஒன்று பொய் என்று பெரிய அதிகாரி தீர்மானித்தார். அதுவரை சரிதான். தெலுங்குக்காரர் தன் பாஷைக்காரர்களுக்குப் பரிந்து எழுதிவிட்டார் என்பது அவருடைய சந்தேகம். யாருக்கும் சொல்லாமல் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, சூரமங்கலத்தில் ஒரு குதிரை வண்டியை அமர்த்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அன்றைக்கு அம்மாவும் அத்தையும் ஏரிக்கரைக்குக் கீரை பறிக்கப் போயிருந்தார்கள். காலை வெயில் ஏறியிருந்தது. தெருமுனையில் இருந்த பிள்ளைகள் வண்டி வருவதைப் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற குதிரை வண்டி ஒன்றே ஒன்றுதான், நூல்காரருடையது. "வண்டி, வண்டி" என்று ஓடிவந்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நூல்காரர் வரும்போது எந்த வீட்டிலும் தறி சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருக்கிற தறிக்காரன் எதற்கும் சம்மதிப்பான் என்று அவருக்குப் பட்டுவிடும். பாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் குழிக்குள் இறங்கி, நூலை நெருக்கும் பலகையை இழுத்து இழுத்து அடிக்க வேண்டும். வெளியே கேட்கிறவர்களுக்கு நெய்கிற சத்தம்தான் கேட்கும். இரண்டு மாதம் கழித்து நூல் வருகிறது என்று நினைத்தபோது தெருவே குழிக்குள் பாய்ந்தது. நாயினாவும் இறங்கினார். அதற்கு முந்தின நாள் அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு ஞாபகமில்லை. சாப்பிட்டிருக்கமாட்டார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து உடம்பையே தூக்கிப் போட்டு அடித்தார். வரிசையாக எல்லா வீட்டிலும் அதே சத்தம்.

வண்டியிலிருந்து இறங்கியவர் நூல்காரர் இல்லை. கோட்டுப் போட்ட ஒரு தமிழ்க்காரர். தெரு நடுவில் நின்று, தலையைச் சாய்த்து, இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு காகிதத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நடந்து எங்கள் வாசலுக்கு வந்தார். தலையாரி பின்னால் வந்தான். வாசலில் நான்தான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் தறியில், பெண்கள் ஏரிக்கரையில். தெருவில் வேறு பெரியவர்கள் இல்லை.

"உள்ள தறியில யாரு பாப்பா?"

"எங்க நாயினாங்க."

"கூப்பிட வேணாம், நெய்யட்டும்" என்று அவர் தலையாரியைத் தடுத்தார். "பெரியவங்க ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுவாங்க. நீ சொல்லு பாப்பா. காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேனுங்க."

"என்ன சாப்பிட்டே?"

"சோறுங்க."

"தொட்டுக்க?"

அது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லாத கேள்வி. நூல்காரர் ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. நான் திகைக்கவில்லை.

"கத்திரிக்காக் கொழம்புங்க" என்றேன்.

"தம்பி என்ன சாப்பிட்டான்?"

"பாலு குடிச்சுட்டானுங்க. இன்னும் வேணுமின்னானுங்க."

அவர் சிரித்தார். இரண்டு விரலால் தம்பியின் உப்பின கன்னத்தைத் தட்டினார். "கொழுகொழுன்னு இருக்கான். இவனைத்தான் சாகக் கிடக்கிறான்னு எழுதியிருக்கான் அந்த மனுஷன்" என்றார். தலையாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பொய் சொல்லத் தெரியாத வயசு" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இன்னும் இரண்டு வாசலில் நின்று தறிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. போகும்போது குழந்தைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வண்டி மறைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. நாயினா குழியிலிருந்து ஏறமுடியாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நூல் கொண்டுவந்தாரா?" என்று கேட்டார்.

"நூல்காரர் இல்லை நாயினா. கோட்டுப் போட்ட ஒருத்தர். கையில காகிதம் வெச்சிருந்தார்."

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "உன்னை ஏதாவது கேட்டாரா?" என்றார்.

கேட்டதையும் சொன்னதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பால், சோறு, குழம்பு, எல்லாம். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குழிக்குள் நின்றபடியே கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கே" என்றார். பிறகு, "நீ பேசினதை அம்மாகிட்டச் சொல்லாதே. அத்தைகிட்டயும் சொல்லாதே. அவர் உன்னை ஒண்ணும் கேக்கலை. தெரிஞ்சுதா?" என்றார்.

அம்மா மடியில் கீரையோடு வந்தாள். தெருமுனையிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். மடி அவிழ்ந்து கீரை சிந்துவதைக்கூடப் பார்க்காமல் வந்தாள்.

"கச்சேரியிலிருந்து வந்தாங்களாமே. நீங்க தறி அடிச்சீங்களா?"

"அடிச்சேன். நூல்காரர்னு நினைச்சுட்டேன்."

"உள்ள வந்து பாக்கலையா? பிள்ளையைப் பாக்கலையா? யாரையும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

"யாரையும் கேக்கலை. நான் அடிச்ச சத்தத்தைக் கேட்டுட்டு அப்படியே போயிட்டாரு."

அம்மா கீழே உட்கார்ந்து சிந்தின கீரையைப் பொறுக்கினாள்.

கஞ்சித் தொட்டி வேறொரு ஊரில் வைத்தார்கள். அங்கேயும் பசிதான். தகுதியில்லாதவர்களுக்குப் போயிற்று என்று சொல்லமாட்டேன். அத்தை தேய்த்து வைத்த பாத்திரத்தையும் விற்றோம். ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் தம்பி போய்விட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது கனமாக இருந்தான் என்று நாயினா சொன்னார். எல்லாம் நீர்.

அதற்குப் பிறகு நூல் வந்தது, தறி ஓடியது. நாங்கள் மீதிப்பேர் பிழைத்தோம். நான் பதினேழாவது வயதில் அந்தத் தெருவை விட்டுக் கிளம்பினவள். பல ஊர், பல வேலை, கேட்கிறவர்கள் கேட்கிற பாஷை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். கிளம்பும்வரை எங்கள் வீட்டில் ஒரு சண்டை மட்டும் ஓயவில்லை. உப்புக் கூடினாலும் சரி, மழை ஒழுகினாலும் சரி, பேச்சு அங்கேதான் போய் நிற்கும். வெறுந்தறியை அடித்துப் பிள்ளையை அனுப்பின மனுஷன்தானே என்பாள் அம்மா. அத்தையும் கூடச் சேர்ந்துகொள்ளுவாள். நாயினா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நான்தான் அடித்தேன் என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார்.

ஆரம்ப வருஷங்களில் நான் ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். இந்தத் தடவையாவது சொல்லிவிடுவார் என்று பார்ப்பேன். கோட்டுப் போட்ட அதிகாரியிடம் அவ்வளவு தைரியமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் நான் பேசியதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல். கத்திரிக்காய்க் குழம்பு யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சேர்த்தது.